டொரிகா திட்டாத நாட்கள்

கோப்பை தனியாக இருந்தது.

அந்த வீட்டில் எந்தக் கோப்பைக்கும் யாரும் உரிமை கொண்டாடியதில்லை. அடுப்பங்கரைத் தட்டில் ஐந்தாறு கவிழ்ந்து கிடக்கும். கைக்கு வந்ததை எடுத்து டீ ஊற்றிக் குடிப்பார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்திலிருந்து திரும்பி, நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு வாசிதி உள்ளே வந்தபோது, காலையில் அவள் குடித்த பச்சைக் கோப்பை மட்டும் சன்னல் விளிம்பில், மற்றவற்றிலிருந்து விலகி, வாய் மேலே பார்க்க நின்றுகொண்டிருந்தது. சன்னல் கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கு வழியாகச் சாரல் அடித்து அதன் அடியில் கொஞ்சம் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு கொசு மிதந்தது.

"இதை யார் இங்க வெச்சது?" என்று கேட்க வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஏன் கேட்கிறாய் என்று யாராவது திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. புருஷன் இலியேசாவிடம்கூட.

ஊசி குத்தி அப்போது இரண்டு வாரம்போல ஆகியிருந்தது. கடற்கரை ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. அறைகளிலிருந்து வருகிற அழுக்குத் துணி மூட்டைகளை அவிழ்த்து, விரிப்பு வேறு, துவாலை வேறு, தலையணை உறை வேறு என்று பிரித்து இயந்திரத்தில் போட வேண்டும். ஒரு உறைக்குள் கையை விட்டு உதறியபோது நடுவிரலில் சுருக்கென்றது. கையை வெளியே இழுத்தால் விரலோடு ஊசியும் வந்தது. ஊசிக்குப் பின்னால் குழல், குழலுக்குள் பழுப்பாக எதுவோ உலர்ந்து ஒட்டியிருந்தது. எவனோ போதைக்குக் குத்திக்கொண்டு செருகிவிட்டுப் போனது.

மேற்பார்வையாளன் விலியாமே அவள் விரலைப் பார்க்கவில்லை, கதவு சாத்தியிருக்கிறதா என்றுதான் பார்த்தான். "சோப்புப் போட்டுக் கழுவும்மா. ஒண்ணும் ஆகாது. ஆனா இது வெளிய போகக்கூடாது, புரியுதா? கெஸ்ட்டு காதுல விழுந்தா முதல்ல போறது உன் வேலை. அப்புறம்தான் என்னோடது."

பக்கத்து இயந்திரத்தில் நின்ற ரோஷ்ணிதான் அவளைத் துணி அலமாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். "அக்கா, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மூணு நாளுக்குள்ள போனா வராம தடுக்க மாத்திரை குடுக்கறாங்க. தனியா போக வெக்கமா இருந்தா நானும் வரேன். எனக்குத்தான் இருக்குன்னு வேணா சொல்லிக்கோ, என் மாமியார் ஏற்கெனவே எனக்கு எல்லா வியாதியும் இருக்குன்னுதான் சொல்லிட்டிருக்கா."

வாசிதி சிரித்தாள், போகிறேன் என்றாள், போகவில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற இடத்தில் நாத்தனார் டொரிகாவின் சபைத் தோழி உட்கார்ந்திருக்கிறாள். அந்த வருஷம் தீவின் தலைநகரான சுவா முழுக்க எச்.ஐ.வி. பற்றித்தான் பேச்சு. பையன்கள் ஒரே ஊசியை மாற்றி மாற்றிக் குத்திக்கொள்கிறார்கள் என்று வானொலியில் சொன்னார்கள். போதகர் "அந்த வீடுகளுக்காக" ஜெபித்தார். அவர்கள் குடியிருந்த வலேலெவுவில், தெருமுனை வீட்டிலேயே ஒரு பையன் செத்துப்போனான். துக்கத்துக்குப் போய்விட்டு வந்த டொரிகா, சாப்பாட்டுப் பாயில் உட்கார்ந்து சொன்னாள்: "வழக்கப்படி பாயும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்க் குடுத்தேன், கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன், எழுந்து வந்துட்டேன். ஒரு வாய் டீ குடிக்கணுமாம்ல! அம்மாடி, ஆளை விடு. அந்தக் கோப்பையில யார் யார் வாய் வெச்சாங்களோ!"

எல்லாரும் சிரித்தார்கள். வாசிதியும் சிரித்தாள். அது ஊசி குத்துவதற்கு முன்பு.

மூன்று நாள் கழிந்தது. அதன் பிறகு உடம்பு பேச ஆரம்பித்தது.

முதலில் வியர்வை. தகரக் கூரையின் கீழ், மழை ஈரத்தில், எல்லாரும் போர்த்திக்கொண்டு கிடக்கையில் அவளுக்கு மட்டும் கழுத்துக் குழியில் வியர்வை தேங்கி, தலையணையில் அவள் தலையின் வடிவத்தில் ஒரு கறையை விட்டது. பிறகு நாக்கு. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ரசம் போன கண்ணாடியில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தாள். ஓரத்தில் வெள்ளையாக இருந்தது, இல்லை, வெளிச்சம் அப்படி. தாடைக்குக் கீழே ஒரு கட்டி, அவரை விதை அளவு, தொட்டால் நழுவியது. நழுவுகிறதா என்று பார்க்க மறுபடி தொட்டாள். பேருந்தில் தொட்டாள், சலவைக்கூடத்தில் தொட்டாள், தேவாலயத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது தொட்டாள்.

உஷ்ணமாக இருக்கிறது என்று சொல்லித் தன் பாயை இலியேசாவின் பாயிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டாள். மகள் உனைசிக்கு ஆறு வயது. அம்மா உட்கார்ந்தால் மடி, படுத்தால் வயிறு என்று ஏறிக்கொள்கிற பிள்ளை. "தள்ளிப் போடி, அம்மாவுக்கு வேர்க்குது" என்றாள் ஒருநாள். "போன்னா போ!" என்றாள் இன்னொரு நாள். பிள்ளை போனது. திரும்பி வந்து பார்த்தது. பிறகு வரவில்லை.

இப்படித்தான் எல்லாவற்றையும் அவளே ஆரம்பித்துவைத்தாள். அதனால்தான் அந்தக் கோப்பையைத் தானே தனியாக வைத்தோமா, வேறு யாராவது வைத்தார்களா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அடுத்த வாரம் பின்கட்டுக் கொடியில் அவள் துவாலை மட்டும் கடைசி முனையில் தொங்கியது. அது அவள் போட்டதாக இருக்கலாம். குளியலறையில் புது சோப்பு ஒன்று வந்திருந்தது; பழையது, அவள் தேய்த்தது, தனி மூடியில். அதுவும் அவள் செய்ததாக இருக்கலாம்.

ஆனால் டொரிகா திட்டுவதை நிறுத்தியது அவள் செய்ததில்லை.

டொரிகா இலியேசாவின் அக்கா, விதவை, வாசிதிக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர்களோடு இருக்கிறவள். அவள் வாய் ஓய்ந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. "என் தம்பி பொண்டாட்டி கட்டினானா, தூண் நட்டானா? நின்ன இடத்துலயே நிக்கிறா பாரு!" என்பாள். மரவள்ளிக்கிழங்கு வேகவில்லை என்றால், "இதைக் கூரைக்கு முட்டுக் குடுக்கலாம், திங்க முடியாது" என்பாள். பத்து வருஷம் அந்த ஏச்சுக்கு நடுவில்தான் வாசிதி சமைத்தாள், பெருக்கினாள், பிள்ளை பெற்றாள். ஏச்சு மழைச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. பெய்யும்போது காதில் விழாது, நின்றால்தான் திடுக்கென்றிருக்கும்.

நின்றுவிட்டது.

ஒரு சாயங்காலம் வாசிதி தேங்காய்ப்பாலில் கீரையை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். வீடு முழுக்கத் தீய்ந்த நெடி. தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"பரவாயில்லடா கண்ணு" என்றாள் டொரிகா பின்னாலிருந்து. "நீ போய் உக்காரு. உனக்கு என்ன சாப்பிடணும்போல இருக்கு? சொல்லு. செஞ்சு தரேன்."

குரலில் கேலி இல்லை. வாசிதி திரும்பிப் பார்த்தாள். டொரிகா வாசற்படியிலேயே நின்றிருந்தாள், இரண்டு கையையும் இடுப்புத் துணியில் சுற்றிக்கொண்டு. புன்னகைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஏன் அண்ணி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. நீ நல்ல பொண்ணு. இத்தனை நாள் நான்தான் பாத்துக்கல."

அன்றைக்கு அவளுக்கு முதலில் பரிமாறினார்கள். தட்டை யாரும் கையில் தரவில்லை. பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள். மீனின் நடுத்துண்டு அவளுக்கு. அவள் சாப்பிட்டு முடிக்கிற வரை எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பிரியமாக.

இலியேசா பேருந்து ஓட்டுநர். வீட்டுக்கு வரும்போது டீசல் வாடையும் பாட்டுமாக வருவான். இப்போது பாட்டு இல்லை. பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள்.

"உனைசி அப்பா, அண்ணி ஏன் இப்படி இருக்காங்க?"

"எப்படி?"

"நல்லா பேசறாங்க."

சிரித்தான். "அவ திட்டினாலும் குத்தம், திட்டலேன்னாலும் குத்தமா?" என்றான். கால் சுத்தமான பிறகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ஊசி, விலியாமே, மூன்று நாள், எல்லாவற்றையும். ஆனால் அவர்களுக்குத் தெரியாது என்றால் தானே போய்க் கழுத்தை நீட்டியதாகும். தெரியும் என்றால் எப்படித் தெரியும்? கேட்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றாகிவிட்ட வீட்டில் அவள் வாயை மூடிக்கொண்டு தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முன்வாசலுக்கு வரமாட்டார்கள், பின்படியில் டொரிகாவோடு உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசுவார்கள். ஒருத்தி சர்க்கரைப் பை கொண்டுவந்தாள், இன்னொருத்தி மண்ணெண்ணெய். வாசிதி எட்டிப் பார்த்தால் பேச்சு அறுந்துபோகும். மூக்கைச் சிந்திக்கொண்டு, "எப்படிம்மா இருக்கே?" என்பார்கள், பதிலுக்குக் காத்திருக்காமல்.

ரோஷ்ணிதான் கடைசியில் அவளை இழுத்துக்கொண்டு போனாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நௌசோரியில், தெரிந்த முகம் இல்லாத ஒரு சிறு மருத்துவமனை. ரத்தம் எடுத்த நர்ஸ் உயரமானவள், சத்தமாகப் பேசுகிறவள். முதல் தடவை ஒன்றும் இல்லை என்றாள். வாசிதி நாக்கை நீட்டினாள், கழுத்தைக் காட்டினாள்.

"நாக்கு நாக்கு மாதிரிதான் இருக்கு. கழுத்தை நீயே தடவித் தடவி வீங்க வெச்சிருக்கே. கையைக் கட்டிப்போட்டா சரியாப் போயிடும்" என்றாள் நர்ஸ். "ஊசி குத்தி மூணு மாசம் தாண்டட்டும், கடைசியா ஒரு தடவை பாத்துடுவோம். அதுவரைக்கும் நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு. அப்படியே வந்திருந்தாலும் இப்ப மாத்திரை இருக்கு, பேரன் பேத்தி பாத்துட்டுதான் போவே. இதுக்கெல்லாம் யாரும் செத்துப் போறதில்ல."

தெருமுனைப் பையன் செத்துப்போனானே என்று கேட்கவில்லை. அவன் மாத்திரைக்கே போகவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தான். அது எல்லாருக்கும் தெரியும்.

வீட்டில் அந்த மிச்ச வாரங்களை அவள் எப்படிக் கழித்தாள் என்பதைச் சொல்லி முடியாது. ஒரு கையும் அவள்மேல் படவில்லை. கதவிடுக்கில் எதிரெதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள், மரியாதையாக. பிள்ளைகூட. ஒரு மதியம் கண்ணயர்ந்து விழித்தபோது டொரிகா அவள் கால்மாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம். தேங்காய் எண்ணெய் வாசனை.

"என்ன அண்ணி?"

"தூங்கும்மா. இன்னும் இல்ல. தூங்கு."

"என்ன இன்னும் இல்ல?"

டொரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கடைசிப் பரிசோதனைக்கு வாசிதி தனியாகத்தான் போனாள். நர்ஸ் உள்ளே போனாள், வந்தாள், மேசை விளிம்பில் தொடையை வைத்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் இல்ல. முடிஞ்சுது. இனிமே இங்க வராதே."

"நிச்சயமா?"

"உன் ரத்தம் என் ரத்தத்தை விடச் சுத்தம். பயம்தான் உன்னைத் தின்னிருக்கு. போ, போய்ப் புருஷனைக் கட்டிப்புடி."

சந்தையில் நின்று அழுதாள். காய்கறிக்காரி ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். பிறகு பைத்தியம் பிடித்தவள் மாதிரி வாங்கினாள்: சேப்பங்கிழங்கு ஒரு கட்டு, வாழை நாரில் கோத்த மீன், உனைசிக்குச் சிவப்பு மிட்டாய் ஒரு பொட்டலம். தாடையைத் தொட்டுப் பார்த்தாள். கட்டி இல்லை. எப்போது போனதென்று தெரியவில்லை. ரோஷ்ணிக்கு போன் போட்டாள்.

"இல்லியாம் ரோஷ்ணி! ஒண்ணுமே இல்லியாம்!"

"நான் சொன்னேன்ல அக்கா" என்றாள் ரோஷ்ணி. அவள் குரல் மூக்கடைத்த மாதிரி இருந்தது. பின்னால் ஏதோ இடிக்கிற சத்தம், இரும்பில் இரும்பு, நிதானமாக.

"அங்க என்னடி சத்தம்?"

"மெஷின்தான் அக்கா. நீ வீட்டுக்கு வா."

பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, நனைந்த மீன் மடியில் நாற, இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். கோபித்துக்கொள்ளட்டும். டொரிகா திட்டட்டும். அந்தத் திட்டைக் கேட்க ஆசையாக இருந்தது. 'நீ வீட்டுக்கு வா' என்று ரோஷ்ணி ஏன் சொன்னாள், 'போ' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்பது, தெருமுனையில் இறங்கி நடக்கத் தொடங்கிய பிறகுதான் தோன்றியது.

மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இடிக்கிற சத்தம் இங்கேயும் கேட்டது. துக்க வீட்டில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேரை இடிக்கிற இரும்பு உரல். டங். டங்.

அவர்கள் வீட்டுக்கு முன்னால் கொட்டகை போட்டிருந்தார்கள். பச்சை மூங்கில் கால்கள், மேலே தகரம். தெருவில் ஒரு வீட்டுக்கு முன்னால் அப்படிக் கொட்டகை எழும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சாவு. கீழே அண்டாக்கள், விறகு, குவித்த மரவள்ளி. கறுப்பு உடுப்பில் ஆண்கள். படி நிறையச் செருப்புகள்.

அவள் ஓடினாள். உனைசி. உனைசிக்கு என்னவோ.

உனைசி கொட்டகை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்கள். கறுப்புப் பாவாடை. உயிரோடு. வாசிதியின் கையிலிருந்து பை நழுவி, மிட்டாய்கள் சேற்றில் சிதறின. பிள்ளை ஒன்றைக் குனிந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

இலியேசா? அதோ. ஆண்களுக்கு நடுவில், தலை குனிந்து.

அப்படியென்றால் யார்?

"வந்துட்டியாம்மா" என்றாள் டொரிகா. கறுப்பு உடுத்தி வாசலில் நின்றாள். "நனைஞ்சுட்டியே. உள்ள வா."

"யாரு அண்ணி? யாருக்கு என்ன ஆச்சு?"

"உள்ள வா."

கூட்டம் வழிவிட்டது. யாரும் அவள்மேல் படாமல். உள்ளே சாமான் எதுவும் இல்லை. சுவரோடு சுவராகப் பெண்கள். நடுவில், பிணத்தைக் கிடத்துகிற இடத்தில், பாய்மேல் பாய்மேல் பாய், முழங்கால் உயரத்துக்கு, புதுப் பாய்களின் காய்ந்த ஓலை வாசனை. மேலே வெள்ளை விரிப்பு. அதில் யாரும் இல்லை.

மூலையில் ரோஷ்ணி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"அண்ணி, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் வாசிதி. "ஊசி குத்திச்சு. சொல்லல. தப்புதான். ஆனா டெஸ்ட் பண்ணியாச்சு. ஒண்ணும் இல்ல. ரோஷ்ணியைக் கேளுங்க!"

"தெரியும்மா" என்றாள் டொரிகா.

"ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க!"

"ஆமாம்மா. தெரியும். சத்தம் போடாதே, ஜனங்க வந்திருக்காங்க."

"உனைசி அப்பா!"

வாசலில் இலியேசா. தோள் குலுங்க அழுதான். நிஜமான அழுகை. அவளைப் பார்த்து அழவில்லை. அந்த வெள்ளை விரிப்பைப் பார்த்து.

யாரும் கோபப்படவில்லை. யாரும் அவளைப் பிடிக்கவில்லை. காத்திருந்தார்கள். தாமதமாகிற பேருந்துக்குக் காத்திருக்கிறவர்களைப் போல, அலுப்பில்லாமல். உரல் நின்றது. மழை மட்டும். மூன்று மாதத் தூக்கம் மொத்தமாக அவள்மேல் இறங்கியது. உட்காரலாம் என்றுதான் உட்கார்ந்தாள். உட்கார மட்டும்.

பாய் மெத்தென்றிருந்தது.

முதுகு எப்போது சாய்ந்தது?

எழுந்திரு. எழுந்திரு.

கூரைத் தகரம். அதில் ஒரு துரு. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள்.

அப்போது அவள் இமைகள்மேல் விரல்கள் வந்து அமர்ந்தன. டொரிகாவின் விரல்கள். இத்தனை வாரங்களில் அந்த வீட்டில் அவள்மேல் பட்ட முதல் கை. வெதுவெதுப்பாக இருந்தது. இமைகளை மெல்லக் கீழே இழுத்து மூடியது.

வாசிதி கண்ணைத் திறந்தாள். விரல்கள் மூடின. திறந்தாள். மூடின. கோபமே இல்லாமல், குழந்தையைத் தூங்கவைக்கிற பொறுமையோடு.

பாட்டு உயர்ந்தது. இன்னொரு கை வந்து சேர்ந்துகொண்டது.

சின்னக் கை. மிட்டாய்ப் பிசுபிசுப்போடு.